மெழுகு விழுந்த ஊர்ப்பெயர்

நோறா அக்காவின் நெற்றி கொம்பியூட்டர் திரையில் முட்டிக்கொண்டு இருந்தது. கையில் பூதக்கண்ணாடி. கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் அதைப் பிடிக்க இடமில்லாமல், காதோரமாகப் பிடித்திருந்தார்.

நான் அறை வாசலிலேயே நின்றேன். அடுப்படியிலிருந்து தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. யன்னல் திறந்திருந்தபடியால் ரெயில் போகிற சத்தமும் வந்தது.

"பிலோ, இதுக்குள்ள உமக்கு என்ன தெரியுது?" என்றார், திரும்பாமலே.

கிட்டப் போய் எட்டிப் பார்த்தேன். பழுத்த கடதாசி ஒன்றின் படம். எறும்பு மைக்குள் விழுந்து எழும்பி நடந்ததுபோலக் கோடுகள். ஓரிடத்தில் வட்டமாக ஒரு கறை.

"கறை தெரியுது," என்றேன்.

"அந்தக் கறைக்குக் கீழதான் என்ர அம்மாவின்ர அம்மம்மா பிறந்த ஊர் இருக்குது," என்றார்.

அந்தக் கறையோடு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வசந்த காலம் முழுக்கப் பாடுபட்டோம். போன கிழமை இந்தப் பத்தியில் தொடங்கிய ஆஸ்பத்திரிக் கதையை விட்டுவிட்டு இதை எழுதுவதற்குக் காரணம், நேற்றுப் பின்னேரம் அவர் கேட்ட ஒரு கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். நோறா அக்கா அயர்லாந்துக்காரி. நான் மன்னார்க்காரி. இருப்பது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணம், ஒரே கட்டடம், ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. நாங்கள் கதைப்பது ஜெர்மன். அவருடையது ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்து பழகிய ஜெர்மன். என்னுடையது வேறோர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துப் பழகியது. அதை அப்படியே இங்கே எழுத எனக்கு ஏலாது. எழுதினால் வாசிக்க உங்களுக்கும் ஏலாது. ஆகவே என் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதுகிறேன்.

படிக்கட்டின் நடுப்பகுதி

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேர்வோகெ பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டுக்காரர் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தால் கதவுப் பிடியில் ஓர் அட்டை தொங்கும். வேலை முடிந்ததும் அதைக் கொண்டுபோய் அடுத்த கதவில் மாட்டிவிட வேண்டும். இந்த ஊரில் ஒருவன் களவெடுத்தால் மன்னிப்பார்கள். படி கூட்டாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு மனிதர். விரலால் தடவிப் பார்க்கிற ஆள். மூன்றாம் மாடிக்காரியின் கிழமையில் படி அழுக்காகவே கிடக்கிறது என்று ஒரு துண்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். மூன்றாம் மாடியில் இருப்பது நானும் நோறா அக்காவும். எனக்கு முகம் சுட்டது. துடைத்துப் பிழைத்த சீவன் நான்.

அடுத்த முறை நோறா அக்கா கூட்டி முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. நடுவில்தான் மண். இதென்ன கூட்டு, நடுவை விட்டு ஓரத்தைக் கூட்டுகிறாரே என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த சோம்பேறிகள் எல்லாம் மூலையைத்தான் விடுவார்கள்.

நான் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை. அவருடைய கிழமைகளில், ஆட்கள் எழும்ப முதல் போய் நடுப்பகுதியை மட்டும் கூட்டிவிட்டு வருவேன். சில மாதம் அப்படிப் போனது. ஒருநாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"என்ர கிழமையை நீர் ஏன் கூட்டுறீர்?"

"நடுவில மட்டும்தான் கூட்டினனான்," என்றேன்.

அவர் படியைப் பார்த்தார். நேரே அல்ல, தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"நடுவில ஊத்தை இருக்குதோ? எனக்கு நடு தெரியாது பிள்ளை. ஓரம்தான் தெரியும்."

அவருடைய இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி அழிந்துகொண்டு வந்தது. எதை நேரே பார்க்கிறாரோ அது மறைந்துபோகும். பக்கத்தில் இருப்பது தெரியும். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள் என்று சொன்னார்.

உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். கடும் சாயம், பால், சீனி. இந்த நாட்டில் வெள்ளைக்காரர் வீடுகளில் எத்தனையோ விதமான சுடுதண்ணீர் குடித்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான்.

என்னைவிட வயதில் மூத்தவர். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. நோறா அக்கா என்றேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். அன்றிலிருந்து அவரும் என்னைச் சிலவேளை பிலோ அக்கா என்பார். நீங்கள்தான் மூப்பு, நீங்கள் என்னை அப்படிச் சொல்லக்கூடாது என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "மரியாதையை நீர் மட்டும் வைச்சிருக்க ஏலாது," என்பார்.

ஒரே பக்கத்தில் அத்தனை கலியாணம்

அவருடைய தாய் அடிக்கடி ஒன்று சொல்வாராம். தன் அம்மம்மா பிரிஜிட் பிறந்த வீட்டின் வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரியும், அது அவ்வளவு வடிவு என்று. அந்தத் தாய் அங்கே போனதில்லை. ஊரின் பெயரும் தெரியாது. "ஆராவது ஒருத்தர் போய்ப் பாக்க வேணும்" என்பாராம், கதவைப் பூட்டிவிட்டுப் படுக்க வேணும் என்பதுபோல, சாதாரணமாக.

நோறா அக்கா இளம் வயதில் இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி, அவரையும் அடக்கம் செய்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. போய்ப் பார்க்கக் காலம் கிடக்கிறது என்று இருந்திருக்கிறார். கண் டொக்டர் சொன்னார், இந்த வருடம் முடிவதற்குள் ஓரமும் மங்கத் தொடங்கும் என்று. அதன்பிறகுதான் பயம் பிடித்தது. சாவுக்குப் பயமில்லை, பார்க்காமல் இருந்துவிடுவேனோ என்றுதான் பயம் என்றார்.

அயர்லாந்தில் அவருடைய தம்பியின் மகன் கோனர் இருக்கிறான். மாடு வளர்க்கிறவன். கோடையில் வந்தால் காரில் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றான். ஊரைச் சொன்னால் போதும்.

அந்த ஊர்தான் கறைக்குக் கீழே இருந்தது.

அயர்லாந்துக் கத்தோலிக்கக் கோயில்களின் பழைய விவாகப் பதிவுகளையெல்லாம் படம் பிடித்து இன்ரநெற்றில் போட்டிருக்கிறார்கள். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சுவாமியார் லத்தீனில், தன் கையெழுத்தில் எழுதியது. மாப்பிள்ளை பாட்ரிக், ஊர் நொக்பான். அது தெளிவாக இருந்தது. நொக் என்றால் குன்று, பான் என்றால் வெள்ளை என்று சொன்னார். பொம்பிளை பிரிஜிட். அவளுடைய ஊரின் தலைமேல்தான் மெழுகோ என்னவோ ஒரு சொட்டு விழுந்து, மை ஊறி, வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. கடைசித் துண்டு மட்டும் வெளியே நின்றது. மோர்.

"மோர் எண்டால்?"

"பெரிய."

"பெரிய என்ன?"

"அதுதானே கறைக்குள்ள கிடக்குது!"

அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த ஊர்களுக்குள், பெரிய குன்று இருந்தது. பெரிய மரக்காடு இருந்தது. பெரிய சதுப்பு, பெரிய மேடு எல்லாம் இருந்தன. எல்லாவற்றின் பெயரும் மோர் என்றுதான் முடிந்தது. எங்களுக்குப் 'பெரிய' தெரியும். எது பெரியது என்றுதான் தெரியாது.

என்னுடைய வேலை இதுதான். திரையில் தெரிகிற எழுத்தைப் பார்த்து, தமிழ்க்கடை தந்த பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், தடித்த கறுப்புப் பேனையால் கையளவு பெரிதாகக் கீறிக் கொடுப்பேன். அவர் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கடைக்கண்ணால் வாசிப்பார். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தமிழ் வாசிப்பேன். இங்கத்தைய எழுத்து, மருந்துப் போத்தலிலும் டொக்டரிடம் நேரம் குறித்து வருகிற டெர்மின் கடிதத்திலும் பார்த்துப் பழகியது. அந்தச் சுவாமியாரின் கூட்டெழுத்து எனக்குக் கோலம் மாதிரித்தான். கோலத்தைக் கோலமாகவே கீறினேன். முதல் நாள் கறையையும் சேர்த்துக் கறுப்பாக நிரப்பிக் கொடுத்துவிட்டேன். "கறை எனக்குத் தெரியுது பிலோ. கறைதான் எனக்கு வடிவாத் தெரியுது," என்றார்.

என் மகள் ஜெனி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். "அம்மா, நாங்கள் வந்தால் இரண்டு வசனம் கதைக்க மாட்டியள். அங்கை போய் அப்பிடி என்ன கதைக்கிறியள்?"

"கதைக்கிறேல்லை. கீறுறன்."

"என்னத்தை?"

"கலியாணம்."

அவள் தன் புருசனைப் பார்த்தாள். வயது போனவர்களைப் பற்றிப் பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது.

அந்தப் பக்கத்தில் ஒரு விசயம் எனக்குப் பார்த்தவுடனே விளங்கியது. மற்றப் பக்கங்களில் ஒரு மாதத்துக்கு இரண்டு மூன்று கலியாணம். இந்தப் பக்கத்தில் ஒரே நாளில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. எழுத்தும் வரவரச் சாய்ந்து, கடைசியில் படுத்தே விட்டது.

"தவக்காலத்துக்கு முந்தின நாளாக்கும்," என்றேன்.

நோறா அக்கா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியாமல் என்ன? தவக்காலம் தொடங்கினால் எங்கள் கோயிலிலும் கலியாணம் இல்லை. உயிர்ப்புத் திருநாள்வரை பொறுக்க மாட்டாதவர்கள் எல்லாரும் முந்திய கிழமையில் வந்து நிற்பார்கள். சுவாமியாருக்குச் சாப்பிட நேரம் இராது.

என் கலியாணமும் அப்படி ஒரு நாளில்தான் நடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு சோடி, பின்னால் ஒரு சோடி. சுவாமியார் அவசரத்தில், என் பெயருக்குப் பதிலாகப் பின்னால் நின்றவளின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார். சுவாமியாருக்கு உதவியாக நின்ற உபதேசியார் பலமாக இருமினார். என் மனுசன் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். குழம்பில் உப்புக் கூடினால் போதும். "உபதேசியார் இருமாமல் விட்டிருக்கலாம்."

இதைச் சொன்னதும் நோறா அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கலண்டர்த் தாளில் ஊற்றுப்பட்டது. புதுக் கறை ஒன்றும் வந்தது.

எந்த ஆம்பிளை காணியை விட்டுப் போவான்?

சிரிப்பு வேறு, ஊர் வேறு. ஊர் வெளியே வரவில்லை.

வேறு கலியாணங்களில் அந்தச் சுவாமியார் எழுத்துகளை எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்தோம். சாட்சிகளின் ஊரைப் பார்த்தோம். ஒரு சாட்சிக்கு ஊரே எழுதவில்லை, மற்றவன் நொக்பான்காரன். மே மாதம் முடிந்தது. ஊசி போட்ட நாட்களில் அவர் கட்டிலில் படுத்திருப்பார், நான் பக்கத்தில் இருந்து கீறுவேன்.

கோனர் ரெலிபோனில் சொன்னானாம்: "அத்தை, எல்லா வயலும் ஒரே மாதிரித்தான். நான் ஒரு வயலைக் காட்டி இதுதான் எண்டால் உங்களுக்குத் தெரியவா போகுது?"

பகிடிக்குத்தான் சொன்னான். அவர் கதையாமல் ரெலிபோனை வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் கோபப்பட்டதைப் பார்த்தேன்.

"பிழையான வயலைப் பாத்துப்போட்டு என்ர கண் போனால் என்ன செய்யிறது? கடைசிவரைக்கும் எனக்குள்ள அந்தப் பிழையான வயல்தானே இருக்கும்! மாத்த ஏலாது."

தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அப்போது அவர் வேறொரு தாளை எடுத்தார். பிரிஜிட்டின் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகள். எல்லாம் நொக்பான் பக்கத்துக் கோயிலில். கலியாணம் மட்டும் பொம்பிளை பக்கத்துக் கோயிலில் நடந்திருந்தது. அவருடைய அம்மம்மாவும் அதில் இருந்தார். மூத்தவன் ஜோன் மட்டும் இல்லை. அமெரிக்காவுக்குப் போன ஜோன் என்று வீட்டில் எப்போதும் கதைக்கப்பட்ட ஆள், ஆனால் பிறந்ததற்கு எழுத்து இல்லை. சுவாமியார் எழுத மறந்திருப்பார் என்று நோறா அக்கா விட்டுவிட்டார்.

நான் கேட்டேன்: "ஏன் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக் கோயிலில தேடினீங்கள்?"

"பிள்ளையள் அங்கதானே பிறந்தது."

"கலியாணம் முடிஞ்சால் மாப்பிள்ளை பொம்பிளை வீட்டைதானே போவார்? மூத்த பிள்ளை அங்கை பிறந்திருக்கும். பிறகு சண்டை பிடிச்சுக்கொண்டு தன்ர ஊருக்குப் போயிருப்பார்."

நோறா அக்கா என்னைப் பார்ப்பதற்காக என் தோளுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். "பொம்பிளை வீட்டை ஆம்பிளை போறதோ? எந்த ஆம்பிளை காணியை விட்டுட்டுப் போவான்?"

"எங்கட ஆம்பிளையள் எல்லாரும் போவினம். வீடு பொம்பிளைக்குத்தானே சீதனம்."

"போய்?"

"போய் மாமியார் சமைச்சதைச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பினம்."

"வெட்கமில்லையோ?"

"பசிக்குமல்லோ."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அயர்லாந்தில் அப்படி நடந்தால் ஊர் சிரிக்கும் என்றார். ஆனால் அன்றைக்கு வேறு வேலையும் இல்லை, மழை வேறு. என் மனம் நோகக்கூடாது என்றும் நினைத்திருப்பார். "சரி, உம்மட மாப்பிள்ளையைத் தேடுவம்," என்று, கலியாணம் நடந்த கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்தார். கலியாணத்துக்கு அடுத்த வருடத்தது.

பக்கம் பக்கமாக அவர் தள்ள, நான் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு அதில் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. ஆனால் பாட்ரிக், பிரிஜிட் இரண்டும் எத்தனையோ தரம் கீறிக் கையில் ஏறிவிட்ட பெயர்கள். குளிர்காலம் நெருங்குகிற ஒரு பக்கத்தில் அந்த இரண்டு கோலமும் ஒரே வரியில் வந்தன.

"நில்லுங்கோ அக்கா."

வேறு சுவாமியார். இளம் ஆளாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைபோல அச்சடித்த மாதிரி எழுதியிருந்தார். ஒரு சொட்டு மெழுகும் இல்லை. நான் கீறக் கீற, என் கைக்குப் பக்கத்திலேயே நோறா அக்கா வாசித்தார். குழந்தை ஜோன். தகப்பன் பாட்ரிக். தாய் பிரிஜிட். இடம் டெரிமோர்.

அதாவது, பெரிய ஓக் மரக்காடு.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் சொன்னனான். மாப்பிள்ளை அங்கை போயிருக்கிறார்."

"இல்லை," என்றார் அவர். "அடுத்த பிள்ளைக்கு நொக்பானிலதான் ஞானஸ்நானம். அவன் ஒரு அடியும் அசையேல்லை." சற்றுப் பொறுத்து, தன் நெற்றியில் தானே தட்டினார். "அவதான் போயிருக்கிறா. முதற் பிள்ளைக்குத் தாய் வீட்டை போயிருக்கிறா. பிலோ, நானும் எங்கட வீட்டில மூத்த பிள்ளை. நானும் அம்மாவின்ர தாய் வீட்டிலதான் பிறந்தனான்! அதை மறந்துபோய் இவ்வளவு நாளும் சுத்தியிருக்கிறன்."

"எங்கடையிலும் தலைப்பிள்ளை தாய் வீட்டிலதான்," என்றேன்.

"நீர் சொன்ன காரணம் முழுப் பிழை," என்றார். "ஆனால் புத்தகம் சரி."

கோனருக்குச் செய்தி சொன்னபோது, அவன் எனக்கு ஒரு பதில் சொல்லிவிட்டானாம். தான் எந்தப் பொம்பிளை வீட்டுக்கும் போகிறதாக இல்லை, மாடுகளுக்கு வேறு ஆளில்லை என்று. அந்தப் பொடியன் இன்னும் தனிக்கட்டை என்பதை நோறா அக்கா பிறகுதான் சொன்னார்.

சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம்

இதில் எனக்கு ஒரு பக்க யோசனை வந்தது. எழுதிவிட்டுப் போகிறேன்.

என் தலைப்பிள்ளை ஜெனி தாய் வீட்டில் பிறக்கவில்லை. நாங்கள் வந்த புதிது. எங்களை வைத்திருந்தது ஓர் அகதிகள் விடுதி, நீளமான மண்டபம், போர்வையால் மறைத்த அறைகள். ஞானஸ்நானம் கொடுத்த ஜெர்மன் சுவாமியார் இடத்தைக் கேட்டபோது, என் மனுசன் அந்த விடுதியின் தெருவைத்தான் சொன்னார். புத்தகத்தில் அதுதான் இருக்கும். விடுதியை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு சுப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம்.

பின்னாளில் ஜெனியின் பேரப்பிள்ளையின் பிள்ளை யாராவது கண் பழுதாவதற்கு முன் தேடிக்கொண்டு வந்தால், ஆண்டவனே, அந்தக் கார்களுக்கு நடுவில்தான் நின்று பார்க்க வேண்டும். இதை நோறா அக்காவிடம் சொன்னேன். "எந்தக் கடை?" என்று கேட்டார். சொன்னேன். "அங்க உருளைக்கிழங்கு நல்லது," என்றார்.

காரைப் பார்த்தால் வீடு தெரியும்

கோடையில் அயர்லாந்துக்கு என்னையும் கூடவரச் சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்கு அறியாத ஆட்களோடு மேசையில் இருந்து சாப்பிட வராது. கோனர் படம் எடுப்பான், நான் எங்கே நிற்பது? நோறா அக்கா போன கிழமையில் அவருடைய கேர்வோகெ வந்தது. ஓரத்தையும் நடுவையும் சேர்த்துக் கூட்டினேன். கீழ்வீட்டு மனிதர் விரலால் தடவிவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

நோறா அக்கா திரும்பி வந்த அன்றைக்குச் சூட்கேசை வாசலில் வைத்தபடியே என் கதவைத் தட்டினார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொல்லத் தொடங்கினார். மறக்க முதல் இன்னோர் ஆளிடம் போட்டுவைக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார்.

டெரிமோர் ஆட்கள் காட்டிவிட்ட மண் பாதை. அதன் முடிவில் வழியை மறித்து ஓர் இரும்புப் படலை, சிவப்புப் பூச்சு உரிந்தது. பிணைச்சல் உடைந்து, நீலக் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே ஒரு சுவர் நின்றது, புகைபோக்கியோடு. மற்றச் சுவர்கள் கல்லாகக் கொட்டுண்டு கிடந்தன. தொட்டால் சொறிகிற செடி இடுப்பளவு. பக்கத்து வளவு மாடுகள் வந்து வரிசையாக நின்று பார்த்தன.

"எனக்கு வீட்டைப் பாக்க வேணுமெண்டால் கோனரின்ர காரைப் பாக்க வேணும்," என்றார். "காரைப் பாத்தால் கார் மறையும், வீடு தெரியும். அப்பிடியே காரைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவன் பாவம், 'அத்தை, வீடு மற்றப்பக்கம்!' எண்டு கத்துறான். 'தெரியுமடா, பேசாமல் நில்,' எண்டன்."

"தண்ணி?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கம் தெரிஞ்சுது. சாம்பல் நிறம். காத்து அடிக்க அடிக்கச் சுருங்கிச் சுருங்கி விரிஞ்சுது." கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "மற்றப் பக்கம் பைன் மரம் நட்டுக் காடாக்கிப்போட்டாங்கள். வேலி. உள்ள போக விடாங்கள்."

"அழுதீங்களோ?"

"இல்லை. குளிர்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு சூட்கேசிலிருந்து எனக்கு ஒரு பெட்டி தேயிலை எடுத்துத் தந்தார்.

டொக்டர் சொன்னது தப்பவில்லை. மரங்கள் இலை கொட்டி முடிந்தபோது ஓரமும் மங்கிவிட்டது. இப்போது வெளிச்சம் எது, ஆள் எது என்று தெரியும். கேர்வோகெ அட்டை அவருடைய கதவில் தொங்குவதில்லை. இரண்டு முறையும் என் கதவில்தான். கீழ்வீட்டு மனிதர் தானாகவே அப்படி மாற்றிவிட்டார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னேரங்களில் நோறா அக்காவிடம் போவேன். கொம்பியூட்டரைத் துணியால் மூடியிருக்கிறது. கீறுவதற்கு ஒன்றும் இல்லை. அவர் அந்த இடத்தைப் பற்றிக் கேட்பார், நான் சொல்வேன். போனவர் அவர், சொல்வது நான்.

நேற்றும் கேட்டார்.

"பிலோ, அந்தப் படலை கம்பியாலயா கட்டியிருந்தது?"

"நீலக் கயிறு."

"ஓம். நீலக் கயிறு." தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். நான் கோப்பையை அவர் கைக்குள் வைத்தேன். கொஞ்சநேரம் ஆவி முகத்தில் படவிட்டு இருந்தார்.

"இரண்டு பக்கமும் தண்ணி இருந்ததோ?"

எனக்கு ஓம் என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஒரு சொல்தானே. பிழையான வயலுக்காக அவர் கோபப்பட்டது ஞாபகம் வந்தது.

"இல்லை அக்கா. ஒரு பக்கம்தான். மற்றப்பக்கம் பைன் மரம்."

"மரத்துக்குப் பின்னால?"

"மரத்துக்குப் பின்னால நீங்கள் பாக்கேல்லை."

அவர் ஒரு மிடறு குடித்தார்.

"அப்ப இருக்கும்," என்றார்.